செடிகளுக்கான ஊதா எல்இடி விளக்குப் பட்டை (க்ரோ ஸ்ட்ரிப்) பாதி மங்குகிறது, கொத்தமல்லி சாய்கிறது. புதிதாக வாங்கவா, நானே திரும்பச் செய்யவா?

வெயில்தேடி:
வணக்கம். ஆதம்பாக்கத்தில் முதல் மாடி வாடகை வீடு. பால்கனிக்கு எதிரே நாலடியில் பக்கத்து வீட்டுச் சுவர். காலையில் பத்து நிமிஷம் வெயில் வந்தால் அதிகம். அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய துளசியும் புதினாவும், நான் விதைத்த கொத்தமல்லியும்தான் இருக்கின்றன. எப்படியாவது வளர்த்துவிட வேண்டும்.

இரண்டு மாதம் முன்பு ஊதா க்ரோ ஸ்ட்ரிப் 5 மீட்டர் ரோல் வாங்கி, ப்ளைவுட் பலகையில் வரிசையாக ஒட்டி, வீட்டில் கிடந்த 12 வோல்ட் 5 ஆம்ப் அடாப்டரில் இணைத்தேன். ஒரு வாரம் நன்றாக எரிந்தது. இப்போது அடாப்டரில் கை வைக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் ஓடினால் அணைந்து அணைந்து எரிகிறது. ஸ்ட்ரிப்பின் கடைசிப் பக்கம் மங்கல், சில இடங்களில் பசை விட்டுத் தொங்குகிறது. பலகை செடிக்கு இரண்டடி மேலே இருக்கிறது. கொத்தமல்லி நூல் மாதிரி நீண்டு, முளைத்த ஒரு வாரத்தில் மண்ணில் படுத்துவிட்டது.

2,800 ரூபாய்க்கு "1000 வாட்" என்று ஒரு க்ரோ லைட் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா? சாதாரண எல்இடி பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றிவிட்டால் வெளிச்சம் கூடும் என்று ஒரு வீடியோவும் பார்த்தேன். அது சரிவருமா?

சால்டர்மணம்:
அம்மா, முதல்ல அந்த அடாப்டரை பிளக்கிலேர்ந்து உருவிடுங்க. மீதியை அப்புறம் பேசலாம்.

ரோல் மேல 5050ன்னும் (அது எல்இடி சிப்போட அளவு) மீட்டருக்கு 60 எல்இடின்னும் போட்டிருக்கா? இருந்தா மீட்டருக்கு 14.4 வாட். அஞ்சு மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்ல 6 ஆம்ப் இழுக்கும். உங்க அடாப்டரோட முழு சக்தியே 5 ஆம்ப்தான். அதனால சூடேறி, தன்னைக் காப்பாத்திக்க நின்னு நின்னு ஓடுது. ஸ்ட்ரிப்தான் வேணும்னா ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில 12 வோல்ட் 10 ஆம்ப் எஸ்எம்பிஎஸ், அதாவது பெரிய பவர் சப்ளை, கேட்டு வாங்குங்க. கடைசிப் பக்கம் மங்குறது வேற கதை. ஸ்ட்ரிப்புல ஓடுற செம்பு மெல்லிசு, தூரம் போகப் போக வோல்டேஜ் விழும். ரெண்டு முனையிலயும் சப்ளை கொடுத்தா சரியாகும். மரப்பலகை சூட்டை வெளியே விடாது, பசை இளகுறதும் அதனாலதான். அலுமினியப் பட்டையில ஒட்டணும்.

பல்பு மூடியைக் கழற்றுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இப்ப வர்ற பல பல்புல டிரைவரும் (எல்இடிக்குக் கரன்ட்டை மாத்திக் கொடுக்கிற சர்க்யூட்) எல்இடியும் ஒரே தகட்டுல இருக்கு. மூடியை எடுத்தா 230 வோல்ட் திறந்து கிடக்கும். நீங்க அதுக்குக் கீழ நின்னு செடிக்குத் தண்ணி தெளிப்பீங்க. நாப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறவன் சொல்றேன், பிள்ளைங்க இருக்கிற வீட்டுல அதைச் செய்யாதீங்க.

தொட்டிக்கீரை:
சகோதரி, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். சாய்ந்த நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்துச் சுருங்கியிருந்ததா? அப்படியானால் அது அழுகல், தண்ணீர் அதிகம். பச்சையாகவே நீண்டு வளைந்திருந்தால் வெளிச்சப் பஞ்சம்.

"1000 வாட்" என்பதை நம்பி வாங்காதீர்கள். உண்மையில் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்பது விவரப் பட்டியலின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதை மட்டும் பாருங்கள்.

ஊதா நிறம்தான் செடிக்கு வேண்டும் என்பதும் இல்லை. வெள்ளை எல்இடியே அடிப்படையில் நீல சிப்தான், மேலே நிறத்தை மாற்றும் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. அதில் நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் கலந்து வருகிறது, பச்சையையும் இலை பயன்படுத்திக்கொள்கிறது. வெள்ளை வெளிச்சத்தில் இன்னொரு வசதி: இலையில் மஞ்சள் தட்டுவதும் பூச்சி ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும். ஊதாவில் எல்லாம் கறுப்பாகவே இருக்கும்.

நான் வாங்கவும் இல்லை, செய்யவும் இல்லை. நாலடி நீளம், 20 வாட் சாதாரண பேட்டன் லைட் (ட்யூப்லைட் போன்ற எல்இடி விளக்கு) நான்கை ஒரு ரேக் தட்டின் அடியில் பக்கம் பக்கமாக மாட்டியிருக்கிறேன். இலைக்கு மேலே 8 அங்குலம். சுற்றிலும் வெள்ளைத் தெர்மாகோல். வெளிச்சம் அளக்கும் போன் ஆப்பில் இலை மட்டத்தில் 9,000 லக்ஸ் (வெளிச்ச அளவு) காட்டுகிறது. நேர் வெயில் ஒரு லட்சத்தைத் தொடும் என்றாலும், தினம் 13 மணி நேரம் இது கிடைத்தால் கீரைக்கும் புதினாவுக்கும் போதும். மொத்தம் 80 வாட். நாளுக்கு ஒரு யூனிட் சொச்சம், இரண்டு மாத பில்லில் 62 யூனிட்போல் வரும். உங்கள் ஸ்ட்ரிப்பும் ஏறக்குறைய இதேதான் குடிக்கும்.

வெயில்தேடி:
தண்டு பச்சையாகத்தான் இருந்தது, கறுக்கவில்லை. அப்படியானால் என் தப்பு இரண்டடி உயரம்தான். அதே ஆப்பை ஊதா விளக்குக்குக் கீழே வைத்தால் 700தான் காட்டுகிறது. ஜன்னலோரம்கூட 600 வருகிறது. அவ்வளவு மோசமா?

சால்டர்மணம்:
அந்த 700ஐ அப்படியே எடுத்துக்காதீங்கம்மா. லக்ஸ்ங்கிறது மனுஷக் கண்ணுக்கான அளவு. பச்சைக்கு நிறைய மதிப்பு, சிவப்புக்கும் நீலத்துக்கும் குறைச்சல். ஊதாவைக் குறைச்சுத்தான் காட்டும். வெள்ளை விளக்குக்கு மட்டும் அந்த ஆப்பைப் பயன்படுத்துங்க.

மொட்டைமாடி_ராஜ்:
துளசிக்கு 9,000 பத்தாதுங்க. உயிரோட இருக்கும், வாசனை குறைஞ்சுடும். காய்ப்பயிரோ துளசியோ வீட்டுக்குள்ள வேணும்னா நல்ல எல்இடி க்ரோ லைட் போர்டு வாங்கறதுதான் வழி. நான் சாம்சங் எல்எம்301பிங்கிற வெள்ளை எல்இடி சிப் போர்டும் மீன்வெல் கம்பெனி டிரைவரும் தனித்தனியா வாங்கி நானே சேர்த்தேன். மிளகாய் காய்ச்சுது. ஆனா ஹீட் சிங்க் (சூட்டை வெளியே விடுற அலுமினியத் தகடு), எர்த் ஒயர் எல்லாம் சேர்த்தா ரெடிமேட் விலைக்கே வந்துடுச்சு. சால்டர் பிடிக்கிற ஆசை இருந்தா செய்ங்க, காசு மிச்சமாகும்னு செய்யாதீங்க.

வெயில்தேடி:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பேட்டன் நான்கும் மாட்டியாயிற்று, எலக்ட்ரீஷியன் அண்ணாவை வைத்து எர்த் கொடுத்தே மாட்டினேன். டைமர் காலை 6 முதல் இரவு 7 வரை. ஒரு சின்ன ஃபேனும் ஓடுகிறது. கொத்தமல்லி மறுபடி விதைத்தேன். இந்த முறை தண்டு விரல் நீளத்திலேயே நின்று, பல் பல்லாக வெட்டிய மூன்றாம் இலையை விட்டிருக்கிறது. தொட்டால் ஸ்பிரிங் போல நிமிர்கிறது. நேற்று ரசத்துக்குக் கிள்ளினேன்.

துளசியை ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் கேட்டு மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். காலையில் தண்ணீர் அவரே ஊற்றிவிடுகிறார். டைமரை 16 மணி நேரம் ஆக்கினால் இன்னும் வேகமாக வளருமா?

தொட்டிக்கீரை:
புதினாவுக்குச் சரி, கொத்தமல்லிக்கு வேண்டாம். பகல் நீண்டால் அது சீக்கிரம் பூவுக்குப் போய்விடும், இலை சன்னமாகி ருசி போகும். 13லேயே விட்டு, இருபது நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி புதிதாக விதையுங்கள்.