ஐஇஎல்டிஎஸ் முடிந்த பிறகுதான் ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தேன்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்ட பேண்ட் (மதிப்பெண்) வந்துவிட்டால் போதும், பல்கலைக்கழக வகுப்பு தொடங்கும் முன் நடக்கும் பிரீசெஷனல் ஆங்கில கோர்ஸ் எல்லாம் வீண் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன். ரைட்டிங்கில் அரை பேண்ட் குறைந்ததால் வேறு வழியில்லாமல் 10 வாரம் போய் உட்கார்ந்தேன், இன்றைக்கு அந்த அரை பேண்டுக்கு நன்றி சொல்கிறேன்.

ஐஇஎல்டிஎஸ்-இன் இரண்டாவது எழுத்துப் பகுதியில் 40 நிமிடத்தில் 250 சொல் எழுதினால் போதும், கருத்தும் நம்முடையது, எங்கே படித்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கோர்ஸில் முதல் அசைன்மென்டே 1,500 சொல், ஒவ்வொரு கருத்துக்கும் ஆதாரம் கொடுக்க வேண்டும். என் முதல் வரைவு திரும்பி வந்தபோது நான்கு இடத்தில் 'புரூவ்ஸ்' (நிரூபிக்கிறது) என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. இலக்கணப் பிழை என்று நினைத்து ஆசிரியரிடம் கேட்டேன். நான் ஆதாரமாகக் கொடுத்திருந்த ஆய்வைக் காட்டி, "இந்த ஆய்வில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறார்கள்?" என்றார். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் 32 மாணவர்கள், அதுவும் ஒரே வகுப்பு. "அப்படியானால் இது நிரூபணமா?" அவ்வளவுதான் கேட்டார். நான்கையும் அழித்துவிட்டு 'சஜஸ்ட்ஸ்' (இப்படி இருக்கலாம் என்று காட்டுகிறது) என்று எழுதினேன். 'இருக்கக்கூடும்' என்று எழுதினால் விஷயம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பள்ளியிலிருந்தே எல்லாவற்றையும் அடித்துச் சொல்லிப் பழகியிருந்தேன், அந்தப் பழக்கம் போகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

அப்புறம் பாராஃபிரேஸ், அதாவது படித்ததைச் சொந்த வார்த்தையில் எழுதுவது. மூல வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு நாலு சொல்லை மட்டும் மாற்றுவேன், அதுவும் காப்பிதான் என்று தெரியாது. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் அறைத்தோழனுக்குச் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்த பிறகுதான் சரியானது. எங்கே தமிழிலேயே திக்கினேனோ அங்கே பாடமே புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்ப் படிப்பேன். சொந்த வார்த்தையில் எழுதினாலும் மூலத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

சொற்களுக்கு, கல்வி சார்ந்த எழுத்தில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட பட்டியல் கொடுத்தார்கள், 570 சொல் குடும்பங்கள் (ஒரே அடிச்சொல்லிலிருந்து வரும் சொற்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்). தனித்தனியாக மனப்பாடம் செய்தது ஒன்றும் நிற்கவில்லை. பட்டியலில் உள்ள 'எவிடன்ஸ்' (ஆதாரம்) என் நாக்கில் எப்போதோ இருந்தது, ஆனால் அதற்குப் பன்மை வராது என்று தெரியாமல் 'எவிடன்சஸ்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று வாக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்:
நானும் இந்த கோர்ஸ் போனவள்தான். எழுத்து எனக்குப் பரவாயில்லை, எல்லோரும் உட்கார்ந்து விவாதிக்கும் செமினார் வகுப்புதான் பாடாய்ப்படுத்தியது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் பிழையில்லாமல் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு இரண்டு தலைப்பு தாண்டிப் போயிருக்கும். வகுப்பு முடிந்ததும் அழுகையே வந்துவிடும். எங்கள் ஆசிரியை ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்: 'கேன் ஐ கோ பேக் டு தட் பாயிண்ட்?' தாமதமானால் பரவாயில்லை, பேச்சைத் திருப்பிக் கொண்டுவர உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றார். நோட்டின் மேல் ஓரத்தில் அதை எழுதி வைத்தேன், மூன்றாவது வாரம்தான் வாயில் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்கள், நான் பேசினேன்.