சப்ரெசருக்கு 'குறுக்கீடு ஒடுக்கி' சரிவருமா?

ஐயா, வணக்கம்.

பழைய அமெரிக்க ராணுவ லாரிகளின் பழுதுபார்ப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது, எஞ்சினின் மின்சாரம் வண்டி ரேடியோவில் இரைச்சலாக விழாமல் தடுக்கும் சப்ரெசருக்குக் 'குறுக்கீடு ஒடுக்கி' என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இரண்டு சொல்லிலுமே தயக்கம் உண்டு.

முதலில் குறுக்கீடு. இரண்டு ஒளியலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் விழுவதற்குப் பள்ளி இயற்பியலில் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம். லாரியில் நடப்பது அதுவல்ல. பேட்டரி மின்சாரத்தின் வோல்ட்டை ஏற்றிக்கொடுக்கும் காயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் பாய்ந்து பிளக்கில் பொறி தட்டும்போது, பிளக் ஒயரே ஏரியல் ஆகிவிடுகிறது. 1880களில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை உண்டாக்கியதும் பொறியை வைத்துத்தானே! ஓடுகிற பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொன்றும் உரிமம் இல்லாத ஒலிபரப்பு நிலையம்தான். ரேடியோவில் அது வந்து விழுவது இரைச்சலாக. ஆகவே 'இரைச்சல்' போதும். 'பொறியிரைச்சல்' என்று சுருக்க ஆசைதான். ஆனால் தமிழில் எஞ்சினும் பொறிதான். படிப்பவர் சைலன்சரில் ஓட்டை என்று நினைத்துக்கொள்வார். 'தீப்பொறி இரைச்சல்' என்று முழுசாகவே எழுதுவோம்.

டைனமோவிலிருந்து வருவது வேறு சங்கதி. 'டைனமோ இரைச்சல்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். ரேடியோவைப் போட்டுவிட்டு எஞ்சினை நன்றாக ரேஸ் செய்து, இக்னிஷனை மட்டும் அணைத்தால் எது எதென்று தெரிந்துவிடும். 'டிக் டிக்' சத்தம் அந்தக் கணமே நின்றால் தீப்பொறி. எஞ்சின் சுற்றி ஓயும்வரை ஊளை இறங்கிக்கொண்டே வந்தால் டைனமோ.

அப்புறம் 'ஒடுக்கி'. நாலு வேலை செய்யும் நாலு உருப்படிகளை இந்த ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம். இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப், டாட்ஜ் வண்டிகளில் பிளக் ஒயரின் முனையில் 10,000 ஓம் அளவில் ஒரு தடை இருக்கும். அது இரைச்சலை அடியோடு ஒழிப்பதில்லை, வீரியத்தைக் குறைக்கிறது. அதற்குத் 'தணிப்புத் தடை' என்பேன். பானட்டையும் பாடியையும் இணைக்கும் பின்னல் செம்புப் பட்டைக்குப் 'பிணைப்புப் பட்டை'. 1951இல் வந்த எம்-37 லாரியில் காயிலையே, பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைத்து, பிளக் ஒயர்களுக்கெல்லாம் உலோகப் பின்னல் போர்த்திவிட்டார்கள். அது 'கவச உறை'.

கண்டன்சரில்தான் கவனம் வேண்டும். வெறுமனே 'மின்தேக்கி' என்று எழுதினால், காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவெட்டி விடும் பிளாட்டினம் பாயிண்டோடு இருக்கும் கண்டன்சர் என்று மெக்கானிக் எடுத்துக்கொள்வார். அது பாயிண்ட் கருகாமல் காப்பது, காயிலுக்கும் உதவுவது. இங்கே சொல்வது, டைனமோ ஒயரில் வரும் இரைச்சலைப் பாடிக்கு வடித்துவிடுவது. 'வடிப்பு மின்தேக்கி' என்று பிரித்துச் சொல்லலாம். இதை டைனமோவின் மின்சாரம் வெளியே வரும் ஆர்மேச்சர் முனையில்தான் மாட்ட வேண்டும். ஃபீல்ட் முனையில் மாட்டினால் டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாயிண்டுகள் தீய்ந்துபோகும். பெயர் விளக்கத்தோடு இந்த எச்சரிக்கையும் அதே வரியில் வரட்டும்.

'ஒடுக்கி'யைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'இரைச்சல் ஒடுக்கல்' என்று அத்தியாயத் தலைப்பாக வைக்கலாம். இந்த ஏற்பாடு செய்த வண்டிகளின் பானட்டில் பதிவெண்ணுக்குப் பின்னால் 'எஸ்' என்ற எழுத்து இருக்கும். தயவுசெய்து அதற்குத் தமிழ் தேட வேண்டாம், பெயிண்டில் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான்.

பெயின்ட்டைக் கீறி இறங்கி, உலோகத்தோடு உலோகம் தொடவைக்கும் பல் வைத்த வாஷர் ஒன்று பாக்கி. 'பல்வளையம்' என்றால் பல் ஆஸ்பத்திரி நெடி அடிக்கிறது. யாருக்காவது வேறு தோன்றினால் எழுதுங்கள்.