மகள் படிப்புக்கு யூலிப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கல்பட்டறைக்காரன்:
ஆத்தங்குடியில் சின்னதாக ஒரு தரைக்கல் பட்டறை. மகளுக்கு 4 வயது. காரைக்குடியில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியில், அவள் காலேஜ் செலவுக்கு வருடம் 60,000 ரூபாய் யூலிப்பில், அதாவது காப்பீடும் சந்தை முதலீடும் கலந்த பாலிசியில், போடச் சொல்கிறார்கள். வாயைத் திறந்தால் '80சியில் வருமான வரிக் கழிவு உண்டு சார்' என்கிறார்கள். தாளைப் புரட்டினால் ஒதுக்கீட்டுக் கட்டணம், நிர்வாகக் கட்டணம், நிதி மேலாண்மைக் கட்டணம், காப்பீட்டுக் கட்டணம் என்று வரிசையாக நிற்கிறது. வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கல்லும் காயாது, காசும் வராது.

தேவகோட்டை ஆடிட்டர் ஆபீஸ்:
அண்ணே, 2025-26லிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தொழில் வருமானத்துக்கு வரி வராது. அந்த முறையில் 80சியே கிடையாது. நீங்கள் கட்டாத வரியில் அவர்கள் எதைக் கழித்துத் தருவார்கள்? வரிக்காக என்றால் யூலிப்பை மறந்துவிடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, பெண் பிள்ளைதானே, தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்குங்கள். 10 வயதுக்குள் தொடங்க வேண்டும். கட்டணம் என்று ஒரு பைசா பிடிப்பதில்லை. 2024 ஜனவரியில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மாற்றலாம். எந்த வரிமுறையில் இருந்தாலும் அந்த வட்டிக்கு வரி இல்லை. வருடம் 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும், உங்கள் மழைக்காலத்துக்குத் தோது. ஒன்று மட்டும் கவனம்: பணத்தை 5ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். 6ஆம் தேதி கட்டினால் அந்த மாதத்து வட்டி போச்சு.

கோட்டையூரான், சிங்கப்பூர்:
ஆச்சி, கணக்கு முதிர 21 வருடம் ஆகுமே? இப்போது தொடங்கினால் பிள்ளைக்கு 25 வயதாகிவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
சரியாகப் பிடித்தீர்கள். 18 வயதில் படிப்புக்கு எடுக்கலாம், ஆனால் முந்தைய நிதியாண்டு இருப்பில் பாதி வரைக்கும்தான், அதுவும் காலேஜ் கேட்கும் கட்டண அளவுக்கு. அதனால் முழுப் பணத்தையும் அங்கே பூட்டக் கூடாது. கொஞ்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டில் போடுங்கள், நேராக வாங்கும் டைரக்ட் பிளானில். ரெகுலர் என்றால் நடுவில் இருப்பவருக்குக் கமிஷன் போகும். மாதம் 5,000 வீதம் 14 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய 21.8 லட்சம், 11 என்றால் 20 லட்சம். கட்டணமாகப் போகும் அந்த ஒரு சதவீதம் 1.8 லட்சத்தைத் தின்கிறது. வட்டிக்கணக்கில் ஊறிய ஊர்க்காரர்கள் நாம், இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடலாமா? சந்தை இறங்கவும் செய்யும், பிள்ளை பிளஸ் டூ போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிடுங்கள்.

தேவகோட்டை ஆடிட்டர் ஆபீஸ்:
எடுக்கும்போது வரி: பங்குச்சந்தை ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால், ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 சதவீதம். இரண்டு மூன்று நிதியாண்டாகப் பிரித்து விற்றால் வரி கொஞ்சம் குறையும். உங்களுக்கு ஏதாவது ஆனால் என்ற பயத்துக்குத் தனியாக ஒரு டெர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, எடுங்கள். சேமிப்போடு கலக்காதீர்கள்.

கல்பட்டறைக்காரன்:
யூலிப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆச்சி, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. அப்படியே தபால் நிலையம் போகலாமா?

பள்ளத்தூர் ஆச்சி:
நாலு வயதாச்சு, இன்னுமா ஏற்றவில்லை? முதலில் பிறப்பைப் பதிந்த ஆபீசுக்குப் போங்க தம்பி.