மறு: கல்லிங் - தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம். கோழிப்பண்ணையில் முட்டையிடாத கோழிகளைப் பார்த்து ஒதுக்கும் 'கல்லிங்' (culling) வேலைக்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் எழுதியது:

> 'கழித்தல்' என்றே போடலாமே, எல்லோருக்கும் புரியும்.

கணக்கில் புரியும். கோழிப்பண்ணையில் 'கழி' என்று தொடங்கினாலே வெள்ளைக்கழிச்சல் நோய்தான் ஞாபகம் வரும். பதிவேட்டில் 'கழித்த கோழி 14' என்று பார்த்தால் மருந்து கொடுத்தாயிற்றா என்பார்கள்.

நடக்கிற வேலையைப் பாருங்கள். கூண்டுக்கு மூன்று நான்கு வெள்ளை லெகார்ன் இன முட்டைக்கோழிகள். சரிவான கம்பித் தரையில் முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும், எது இட்டதென்று தெரியாது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எச்சத் துவாரத்தின் இருபுறமும் தட்டுப்படும் எலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரற்கடை இருந்தால் இடுகிற கோழி. ஒரு விரலே இறுக்கினால் இடவில்லை. (விரற்கடை! கலைச்சொல் தேடாமலே கிடைத்த அளவு.) இடுகிற கோழிக்குத் துவாரம் அகன்று, ஈரமாக, வெளிறியிருக்கும். மற்றதற்குச் சுருங்கி, உலர்ந்து, மஞ்சளாக.

அலகும் காலும் மஞ்சளாக மின்னுகிற அழகிதான் பெரும்பாலும் சும்மா தின்பவள். இடுகிற கோழிக்குத் தீவனத்திலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறம் முட்டைக் கருவுக்குப் போய்விடுவதால் முதலில் துவாரம், பிறகு கண்வளையம், அலகு, கடைசியில் கால் என்று வெளுத்துக்கொண்டே வரும். கால் வெளுக்க மாதக்கணக்காகும், ஆகவே புதிதாக இட ஆரம்பித்த கோழியைக் காலை மட்டும் பார்த்து ஒதுக்கக் கூடாது.

ஆக, தொட்டுப் பார்த்துத் தகாததை மட்டும் எடுப்பது. அதற்குக் 'களைதல்' பொருந்துகிறது. வயலில் களை பறிப்பவர்களுக்கும் இதே கண்தான் வேண்டும். எனக்குக் 'கொழித்தல்' மேல் ஆசை இருந்தது, முறத்தில் அரிசி கொழிப்பதுபோல. ஆனால் 'கோழி கொழித்தல்' என்றால் பணம் கொழிப்பதாகப் படித்துவிடுவார்கள்!

இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. பறவைக்காய்ச்சலில் கூட்டத்தோடு கொல்வதற்குச் செய்தித்தாள்கள் 'அழித்தல்' என்றே எழுதுகின்றன, அது அப்படியே இருக்கட்டும். முட்டைப் பருவம் முடிந்து கொட்டகையையே காலி செய்வதற்கு வேண்டுமானால் உங்கள் 'கழித்தல்'.

பதிவேட்டுத் தலைப்புக்குச் சின்னதாக ஒரு பெயர்ச்சொல் வேண்டும். 'இறப்பு'க்குப் பக்கத்துக் கட்டத்தில் இப்போதைக்குக் 'களைவு' என்று போட்டு வைத்திருக்கிறேன். 'களைப்பு' என்று அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.