நான்கு பிஸ்டன் போட்டால் பிடிப்பு நான்கு மடங்கா?

பட்டறைவாசி:
ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மீது பேட் என்ற உராய்வுப் பட்டைகளைப் பிஸ்டனால் அழுத்தும் பிரேக் உறுப்பு) கழற்றிவிட்டு நான்கு பிஸ்டன் காலிப்பர் பொருத்தியதால் தம் காரின் பிரேக் பிடிப்பு நான்கு மடங்காகிவிட்டது என்று வேகப்பிரியன் நேற்று எழுதியிருக்கிறார். பிஸ்டன்களை எண்ணத் தெரிந்தவருக்கு அளக்கத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். ஒரே ஆயில் அழுத்தத்தில் பிடிப்பைத் தீர்மானிப்பது பிஸ்டனின் எண்ணிக்கை அல்ல, பரப்பு. நகரும் வகைக் காலிப்பரில் 54 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் ஒன்று இருந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 2,290 சதுர மி.மீ.; நிலையான காலிப்பரில் 38 மி.மீ. பிஸ்டன்கள் நான்கு இருந்தாலும், எதிரெதிராக அழுத்துபவற்றில் ஒரு பக்கத்து இரண்டை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதால், 2,268 தான் வருகிறது. நான்கு மடங்கு எங்கே ஒளிந்திருக்கிறது?

வேகப்பிரியன்:
கணக்குப் பாடத்துக்கு நன்றி, ஐயா. மறுபக்கத்து இரண்டு பிஸ்டன்களும் அங்கே வேடிக்கை பார்க்கவா இருக்கின்றன? பெடலை மிதிப்பவன் நான். முன்பு தயங்கித் தயங்கி நின்ற வண்டி இப்போது மிதித்த இடத்திலேயே நிற்கிறது.

பட்டறைவாசி:
நகரும் காலிப்பரில் அதன் உடலே நகர்ந்து மறுபக்கத்துப் பேடை இழுத்து அழுத்துகிறதல்லவா, அந்த வேலையைத்தான் அவை செய்கின்றன. மீண்டும் கேட்கிறேன், நான்கு மடங்கு எங்கே? பழைய பிரேக்கே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடித்துவிடும் என்றால், அதற்கு மேல் வண்டியை நிறுத்த வேண்டியது டயர்தான். டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 1 என்றே வைத்துக்கொண்டாலும் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 39 மீட்டர் வேண்டும். எத்தனை பிஸ்டன் போட்டாலும் அது குறையாது.

மலைப்பாதை:
இருவருமே ஒரே ஒரு முறை மிதிப்பதைத்தான் பேசுகிறீர்கள். நீண்ட இறக்கத்தில் இருபதாவது முறை மிதிக்கும்போது வெப்பம்தான் பகை. டாட் 4 என்ற தர வகைப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு 155 இருந்தாலே போதும் என்கிறது தரவிதி. ஆயில் கொதித்துவிட்டால் எந்தக் காலிப்பரும் காப்பாற்றாது.

பட்டறைவாசி:
நான் பிஸ்டனைப் பற்றிக் கேட்டேன். மேலும், சென்ற ஆண்டு டாட் 5 சிலிக்கோன் ஆயிலை டாட் 4 உடன் கலக்கலாம் என்று அருளியவர் ஆயிலைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

மலைப்பாதை:
டாட் 4 உடன் கலக்கக்கூடிய டாட் 5.1 என்று எழுத வந்தவன் புள்ளி ஒன்றை விட்டுவிட்டேன், அன்றே திருத்தியும் விட்டேன். அந்தப் புள்ளி ஒன்றுக்கு இன்னும் எத்தனை காலம் வட்டி வசூலிப்பீர்கள்?

வேகப்பிரியன்:
சண்டை முடிந்ததா? புதுப் பேட், பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன் எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பிடிப்பு.

பட்டறைவாசி:
ஆக, பேடும் டிஸ்க்கும் மாறியிருக்கின்றன. புகழ் மட்டும் பிஸ்டனுக்கு! டிஸ்க் பெரிதானால் அதே அழுத்தத்துக்கே திருப்புவிசை கூடும் என்பதை நேற்றே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அப்போதும் நான்கு மடங்கு வராது.

வேகப்பிரியன்:
நான்கு மடங்கு என்பது என் கால் சொல்லும் கணக்கு. சிவப்புக் காலிப்பரைப் பார்த்தாலே சிலருக்கு வயிறு எரிகிறது.

பட்டறைவாசி:
2,268-ஐ 2,290-ஆல் வகுத்து நான்கு வரும் நாளில் என் காலிப்பருக்கும் சிவப்புப் பூசிக்கொள்கிறேன்.

வேகப்பிரியன்:
முதலில் என் வண்டியில் ஏறி ஒரு முறை மிதித்துப் பாருங்கள்.