வாடகை வீட்டில் இருந்துகொண்டு தற்சார்பு வாழ்க்கைக்கு எங்கிருந்து தொடங்குவது?

அம்பத்தூர் வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அம்பத்தூரில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார் எங்களோடு இருக்கிறார். எல்லாவற்றுக்கும் கடையையும் ஃபோனில் இருக்கும் ஆப்பையும் நம்பி இருப்பதைக் கொஞ்சமாவது குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றதும், மறு வருடம் ஊரடங்கில் காய்கறிக்கு அலைந்ததும் மனதை விட்டுப் போகவே இல்லை.

ஆனால் இதைப் பற்றி எங்கே பேசினாலும் எடுத்தவுடன் கண்டிப்புதான். ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்து, இட்லி மாவு பாக்கெட்தான் வாங்குகிறேன் என்று எழுதினேன், அவ்வளவுதான், மாவே அரைக்க முடியாதவர்கள் தற்சார்பு பற்றிப் பேசலாமா என்று ஆரம்பித்து, நகரத்தை விட்டு வெளியேறினால்தான் விடிவு என்பது வரைக்கும் போய்விட்டது. எங்களுக்கு ஊரில் நிலம் கிடையாது. வேலையை விடவும் முடியாது.

கையில் இருப்பது இதுதான்: கிழக்கு பார்த்த சின்ன பால்கனி, வெயில் காலை பத்து மணி வரை வரும். மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. நேரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அரை நாள். இதை வைத்து என்ன செய்யலாம்? திட்டாமல் சொல்லுங்கள்.

மேலூர் பெரியம்மா எழுதியது:

தாயி, மாவுப் பாக்கெட்டை நீ பாட்டுக்கு வாங்கு. வேலை விட்டு வந்து ஊறப்போட்டு, அரைத்து, கிரைண்டரைக் கழுவி வைக்கிற நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அது உன் உடம்புதான் கொடுக்கிற விலை. தினமும் செய்ய வேண்டியதில் கை வைக்காதே. வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும் என்கிற வேலையில் ஆரம்பி.

புளியை எடுத்துக்கொள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது கொட்டை எடுக்காததாக வாங்கினால் விலை குறைவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியாரையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து ஓடு, நார், கொட்டை எல்லாம் எடுத்துவிட்டு, வெயிலில் காயவைத்துக் கல் உப்பைத் தூவி மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடைத்து வைத்தால் அடுத்த புளி வரும்வரை கவலை இல்லை. அலுமினியத்தில் மட்டும் போடாதே, புளி பாத்திரத்தையே அரித்துவிடும்.

அடுத்தது குழம்புத்தூள். ஒரு பங்கு மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி, அப்புறம் மஞ்சள், சீரகம், மிளகு, வெந்தயம், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு உங்கள் வீட்டு ருசிக்கு. மிளகாயைக் கிள்ளினால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று அர்த்தம். மில்லில் அரைத்து வரும்போது தூள் நன்றாகச் சூடாக இருக்கும், அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடித்துப் பூஞ்சை வந்துவிடும். வெள்ளைத் துணியில் பரப்பி, முழுக்க ஆறின பிறகுதான் அடைக்க வேண்டும். அம்பத்தூரில் மில்லுக்கா பஞ்சம், விசாரித்தால் பக்கத்திலேயே இருக்கும்.

உன் மாமியாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். கேட்டால் சந்தோஷப்படுவார்.

கோவை மண்வெட்டி எழுதியது:

வணக்கங்க. பெரியம்மா சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். பால்கனி பற்றி மட்டும் சொல்கிறேன்.

காலை பத்து மணி வரை வெயில் என்றால் மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கும். கீரைக்கு அது போதும், தக்காளி, கத்தரி, வெண்டைக்குப் போதாது, அவற்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிறைய பேர் எடுத்தவுடன் தக்காளி நாற்றை வாங்கி நட்டுவிட்டு, செடி வெளிறி நெட்டையாகப் போனதும் தங்களுக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். கைராசி எல்லாம் ஒன்றும் இல்லைங்க, வெயில் கணக்குதான்.

நீங்கள் வெந்தயத்தில் தொடங்குங்கள். விதைக்கென்று கடைக்குப் போக வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே முளைக்கும். இரவு ஊறவைத்து, அகலமான தட்டையான எதிலாவது, பழைய பேசின், மீன் பெட்டி எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை போட்டு நாலு விரல் ஆழத்துக்கு மண் நிரப்பி நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண்ணைத் தெளித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும், மூன்று வாரம் போல ஆனால் பறிக்கலாம். மண் கலவை என்றால் செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் சம பங்கு. நார்க்கழிவு சேர்ப்பதால் எடையும் குறையும், ஈரமும் நிற்கும். புதினாவைச் சந்தையில் வாங்கி இலையை ஆய்ந்தபின் திடமான தண்டு நாலைந்தைத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். பொன்னாங்கண்ணிக்கும் இதே வழிதான்.

கறிவேப்பிலை மட்டும் பொறுமையைச் சோதிக்கும், தாராளமாகப் பறிக்க இரண்டு வருடமாவது ஆகும். இருந்தாலும் இன்றே ஒன்று வையுங்கள், வீடு மாறும்போது தொட்டியோடு கூடவே வரும்.

பூச்சி வந்தால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்கு இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர், சாயங்காலத்தில் தெளியுங்கள். உரத்துக்குப் பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றில் சுற்றிலும் துளை போட்டு, சமையலறைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இன்னும் கொஞ்சம் சருகு சேருங்கள். இலை கிடைக்காவிட்டால் கிழித்த செய்தித்தாளும் ஆகும். சமைத்த மிச்சமும் மீன், கறிக் கழிவும் மட்டும் வேண்டாம்.

கணக்குப் பார்ப்பவன் எழுதியது:

ஒரே ஒரு விஷயம். தொடங்கும் முன்பே காசைக் கொட்டாதீர்கள். பைகள், ரெடிமேட் மண், பூவாளி, விதைப் பெட்டி என்று மூவாயிரம், நாலாயிரத்துக்கு வாங்கி வைத்து, பத்து ரூபாய்க்கு ஒரு கட்டுக் கீரை எடுத்தால் வீட்டில் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், நமக்கும் மனசு விட்டுப்போகும். உடைந்த வாளி, அரிசி மூட்டைப் பை, இவை போதும். அரசு தோட்டக்கலைத் துறையில் மானிய விலையில் மாடித்தோட்டப் பொருள்கள் தருவார்கள், தேவை என்று தெரிந்த பிறகு அதை விசாரித்து வாங்கிக்கொள்ளலாம்.

பொன்மலைப் பட்டறை எழுதியது:

சகோதரி, தற்சார்பு என்றாலே எல்லோரும் கீரைக்கும் பொடிக்கும் போய்விடுகிறார்கள். வீட்டில் ஒன்று கெட்டால் அதை நாமே சரிசெய்யத் தெரிவதும் தற்சார்புதான், அதற்கு வெயிலும் வேண்டாம், வீட்டுக்காரர் அனுமதியும் வேண்டாம்.

சொட்டுகிற குழாயில் ஆரம்பியுங்கள். பழைய மாதிரி திருகுகிற குழாய் என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்தான் தேய்ந்திருக்கும், சில ரூபாய்ச் சாமான். முதலில் அந்தப் பகுதிக்கு வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் தலைப்பகுதியை இடப்பக்கம் திருகினால் தண்டு முழுசாக வெளியே வரும். அதன் நுனியில் இருக்கும் வாஷரைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள், கண் அளவில் வாங்கினால் பொருந்தாது. திரும்ப மாட்டும்போது ரொம்ப இறுக்க வேண்டாம். குழாயையே மாற்றுவதாக இருந்தால் மரையில் டெஃப்லான் டேப்பைத் திருகுகிற திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது பிரிந்து வரும். அரைத் திருப்பு கைப்பிடிக் குழாய் என்றால் உள்ளே வாஷருக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் இருக்கும், அதை முழுசாகத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் குக்கர் கேஸ்கட், மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர், சட்டைப் பொத்தான், பேன்ட் மடிப்புத் தையல். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மின்சார வேலையில் மட்டும் கற்றுக்கொள்ளாமல் இறங்காதீர்கள், மெயினை அணைத்த பிறகும் ஃபேன் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

வேளச்சேரி மழை எழுதியது:

தண்ணீர் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் பெய்கிறது, ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டராவது கணக்கில் வரும். தமிழ்நாட்டில் 2003லேயே கட்டடம் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், உங்கள் வீட்டிலும் அந்தக் குழாய் இருக்கும். அது கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகிறதா, இல்லை தெருவுக்குப் போகிறதா என்று புரட்டாசிக்குள் பார்த்துவிடுங்கள். அடைப்பு எடுப்பதற்கு எந்த வீட்டுக்காரரும் மறுக்க மாட்டார். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், அதற்குப் பிறகு ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஆர்ஓ கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், உப்பு கூடுதல் என்பதால் தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. ஏசியில் சொட்டும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். எதைப் பிடித்து வைத்தாலும் துணி கட்டி மூடிவையுங்கள், டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

யாழ் முற்றம் எழுதியது:

வாசித்துக்கொண்டு வந்தேன் தங்கச்சி, எழுதாமல் போக மனம் வரவில்லை. நான் யாழ்ப்பாணம். எங்கள் நாட்டில் 2022இல் டொலர் இல்லாமல் போனபோது காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்றார்கள்.

அதற்கு முந்தின வருடம் என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்றார்கள். கமக்காரர், அதாவது விவசாயிகள், மாறுவதற்கு அவகாசம் இல்லை, போதுமான சேதனப் பசளையும், அதாவது இயற்கை உரமும், இல்லை. விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள், ஆனால் அந்தப் போகம் போனது போனதுதான். நல்ல நோக்கம் என்றாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் இதுதான் நடக்கும். ஒரு நாட்டுக்கே ஏலாதது ஒரு குடும்பத்துக்கு எப்படி ஏலும்? அந்தக் குழுவில் உங்களைப் பேசினவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் தெருவில் அந்த மாதங்களைச் சமாளித்தது ஏற்கெனவே சின்னச் சின்னதாக ஏதோ வைத்திருந்த வீடுகள்தான். வேலியில் முருங்கை, கிணற்றடியில் வாழை, பின்வளவில் மரவள்ளி. தேங்காய்ப் பொச்சும் (மட்டை நார்) தென்னம் பன்னாடையும் மூட்டி அடுப்பெரிக்கத் தெரிந்த ஆச்சிமார் இருந்த வீட்டில் சமையல் நிற்கவில்லை. நாங்கள் முருங்கைக்காய் கொடுப்போம், முன்வீட்டில் தேங்காய் தருவார்கள், அரிசி எல்லாரும் கடையில்தான். தனியாக ஒரு வீடும் தன்னிறைவாக இருக்கவில்லை. காஸ் திரும்பி வந்தபோது எல்லாரும் காஸுக்கே போனோம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. அடுப்பு மூட்டத் தெரியும் என்கிறது மட்டும் எங்கள் பிள்ளைகளிடம் மிஞ்சியிருக்கிறது, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அம்பத்தூர் வாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. யாழ்ப்பாணத்து அக்கா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சித்திரை வெயிலில் வத்தலும் வடகமும் போடலாம் என்று அவராகவே சொன்னார். இப்போதைக்கு வெந்தயம், சொட்டுகிற சமையலறைக் குழாய், இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புளிக்கு மாசி வரட்டும். மாவுப் பாக்கெட் தொடரும்.

மண்வெட்டி அண்ணா, ஒரு சந்தேகம். பால்கனிக்கு நேர் கீழே முதல் மாடியில் துணி காயப்போடுவார்கள். தண்ணீர் ஊற்றினால் சொட்டாதா?

கோவை மண்வெட்டி எழுதியது:

சொட்டத்தான் செய்யும்ங்க, அதனால் கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள், விழுந்தால் ஆபத்தும்கூட. தரையில் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் பேசினை வைத்து, அடியில் ஒரு பழைய தாம்பாளத்தை வையுங்கள். வாளியால் கொட்டாமல் மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் காலையில் தெளித்தால் தாம்பாளத்துக்கே அதிகம் வராது, வந்ததையும் அன்றே எடுத்துத் திரும்ப ஊற்றிவிடுங்கள், வேளச்சேரிக்காரர் சொன்ன கொசு அதிலும் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெந்தயக்கீரை அழுகிப்போகும், அப்போது சாரல் படாத பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.