தொட்டிக்குள் கை வைத்தேன், சுட்டது: மட்கு உரம் விரைவாக ஆவது பற்றி உங்கள் அனுபவம் என்ன?

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்:

கழிவை விரைவாக மட்க வைக்கும் என்று சொல்லி விற்கப்படும் நுண்ணுயிர்ப் பொடியான மட்குப் பொடியை இங்கே எல்லாரும் அறிவீர்கள். என் மாடித் தொட்டியில் காய்கறித் தோல் கரைந்துவிடும். மாவிலைச் சருகு மட்டும் மாதக்கணக்கில் மாவிலையாகவே கிடக்கும். பொடி தூவியும் பெரிய மாற்றம் தெரிந்ததில்லை. இந்த முறை உழவர் சந்தை கலைகிற நேரத்தில் காலிஃபிளவர் இலையும் முள்ளங்கித் தழையும் ஒரு சாக்கு நிறையக் கேட்டு வாங்கி வந்து, நறுக்கிய சருகோடு மாற்றி மாற்றி அடுக்கி, அதே பொடியைப் புளித்த மோரில் கரைத்துத் தெளித்து, ஈரக் கோணியால் மூடிவிட்டு ஒரு திருமணத்துக்காக வெளியூர் சென்றுவிட்டேன்.

திரும்பி வந்து, ஈரம் இருக்கிறதா என்று பார்க்க மணிக்கட்டு வரை கையை நுழைத்தவள் உடனே வெளியே இழுத்துக்கொண்டேன். அவ்வளவு சூடு. மாமியார் நம்பவில்லை. பழைய தோசைத் திருப்பி ஒன்றை நடுவில் செருகி, சற்றுப் பொறுத்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிய வேகத்தில் அதைக் கீழே போட்டுவிட்டார்.

பொடியும் பழையதுதான், தொட்டியும் பழையதுதான். பொடி விற்றவரிடம் சொன்னபோது, "நான் அப்பவே சொன்னேனே" என்று பெருமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பொடிதான் வேலை செய்தது என்றால், இத்தனை காலம் அது என்ன செய்துகொண்டிருந்தது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம்:

அம்மா, உங்கள் சந்தேகம் சரியானது. அந்தச் சூட்டைக் கொண்டுவந்தது முள்ளங்கித் தழை. பொடிக்கு அதில் பங்கு இருந்தாலும் சிறியதாகவே இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடி ஏற்றவும் சில்வர் ஓக் மரங்களை வளர்க்கிறோம். அந்த இலை தடித்தது. சருகாகக் குவித்து வைத்தால் அடுத்த மழைக்காலத்திலும் முழு இலையாகவே கையில் வரும். நான் பொறுப்பேற்ற புதிதில், மட்க வைக்கும் நுண்ணுயிர்க் கரைசல் புட்டிகளை வாங்கி அடுக்கியிருந்தேன். எங்களிடம் நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அவற்றை ஒரு முறை பார்த்துவிட்டு, "சருகு மட்டும் போட்டா அது சும்மா கெடக்கும் சாமி, பசிக்குச் சோறு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் போக்கில் காப்பிப் பழத்தோலையும் சாணத்தையும் சருகோடு மாற்றி மாற்றிக் கொட்டத் தொடங்கினார். மார்கழிக் காலையில் மூடுபனிக்குள் அவர் அந்தக் குவியலை மண்வெட்டியால் பிளந்தபோது உள்ளிருந்து எழுந்த ஆவி அவர் முகத்தையே மறைத்துவிட்டது. நான் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன், அவருக்கு வியர்த்தது.

பிறகு படித்தபோதுதான் அவர் சொன்ன சோற்றின் கணக்கு எனக்குப் புரிந்தது. நுண்ணுயிர்களுக்குக் கரிமச்சத்து (கார்பன்) ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு வேண்டும். சருகில் கரிமம் அதைவிடப் பல மடங்கு மிகுதி. பச்சைத் தழை, சாணம், பழத்தோல் ஆகியவை அந்தக் குறையை ஈடு செய்கின்றன. தேவையான நுண்ணுயிர்கள் சாணத்திலும் மண்ணிலும் சருகின் மேலேயும் முன்பே இருக்கின்றன. 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலும் குவியல் சூடாவதற்கு அதன் பருமனும் ஒரு காரணம்: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே பிறக்கும் வெப்பம் உள்ளேயே தங்கும்.

ஆத்தூர் மரவள்ளி:

ஏற்காட்டு ஐயா சொல்வதில் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடியும். நுண்ணுயிர்கள் எங்கும் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பொருளையும் எந்த நுண்ணுயிரும் தின்றுவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. தென்னை நார்க்கழிவில், எளிதில் மட்காத மரப்பொருளான லிக்னின் மிகுதி. சாணத்தை மட்டும் கொட்டி அதை விரைவாக மட்க வைத்தவர் யாரேனும் இருந்தால் நான் வந்து பார்க்கத் தயார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதற்குச் சிப்பிக் காளான் வித்தையே பரிந்துரைக்கிறது: ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 புட்டி வித்து, 5 கிலோ யூரியா. இரண்டும் சேர்ந்துதான் தழைச்சத்து 1 பங்குக்கு 112 பங்காக இருந்த கரிமத்தை 24 பங்குக்கு இறக்குகின்றன. தழைச்சத்து தரும் யூரியா உங்கள் கட்சி ஐயா, காளான் என் கட்சி.

என் அனுபவம் திப்பியைப் பற்றியது, அதாவது மரவள்ளிக் கிழங்கில் மாவு எடுத்தபின் எஞ்சும் சக்கை. ஜவ்வரிசி ஆலையிலிருந்து மைத்துனர் ஒரு டிராக்டர் திப்பியை அன்போடு அனுப்பி வைத்தார். மாவுச்சத்து நிறைந்த ஈரக்கழிவு என்பதால் குழியில் கொட்டியதும் காற்றுப் புகாமல் களியாக இறுகிப் புளித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேலியோரம் வந்து நின்று, ஒரு சொல்லும் பேசாமல் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். காய்ந்த சோளத்தட்டை, நார்க்கழிவு, சாணம் ஆகியவற்றைக் கலந்து குழியிலிருந்து மேலே எடுத்துக் குவித்த பிறகுதான் வாடை அடங்கியது. அக்கா இன்றுவரை அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

சூரமங்கலம் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்:

என் அனுபவம் சுருக்கமானது. ஒரு கண்காட்சியில் "இதைத் தெளித்தால் பத்தே நாளில் உரம்" என்றார் ஒருவர். கிளற வேண்டுமா என்று கேட்டேன். "தேவையே இல்லை" என்றார். கையில் எடுத்த புட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

புதியவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலில் தண்ணீர். சேலம் மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது நுண்ணுயிர்களைக் கொல்வதற்கென்றே கலக்கப்படுவது. அதில் நேரடியாகக் கரைசலைக் கலந்துவிட்டுப் பலன் இல்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அடுத்தது, கரைசலில் நுண்ணுயிர்களைப் பெருக்கச் சேர்க்கும் வெல்லம். பளபளப்பான மஞ்சள் வெல்லம் வேண்டாம்; நிறத்துக்காக ஹைட்ரோஸ் எனும் வேதிப்பொருளைச் சேர்த்திருப்பார்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கேட்டால் கறுத்த வெல்லத்தை விலை குறைவாகவே தருவார்கள்; நமக்கு அதுதான் ஏற்றது.

வேஸ்ட் டீகம்போசர் என்பது கழிவை மட்க வைக்கும் நுண்ணுயிர்க் கலவை; காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண்மை மையம் 2015இல் வெளியிட்டது. 200 லிட்டர் தண்ணீர், 2 கிலோ வெல்லம், ஒரு புட்டி என்பது அதன் அளவு. நாளுக்கு இரு முறை குச்சியால் கலக்கி நிழலில் வைத்தால் ஐந்தாறு நாளில் பயன்படுத்தலாம். மாடித்தோட்டத்துக்கு 200 லிட்டரைக் கரைத்து வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம், 20 லிட்டருக்கு 200 கிராம் வெல்லம் போதும். ஒகினாவாவின் பேராசிரியர் தெரூவோ ஹிகா உருவாக்கிய இ.எம். (பயன்தரு நுண்ணுயிர்கள்) கரைசலையும் இவ்வாறே வெல்லத்தில் பெருக்கலாம். ஆனால் எந்தக் கரைசலும் ஈரமும் காற்றும் இல்லாத இடத்தில் உதவாது. ஒரு பிடியை எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் ஊர் மாடித் தொட்டி பெரும்பாலும் உதிரத்தான் செய்யும்.

சுண்ணாம்பு போடச் சொல்வோர் உண்டு. போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கில் ஏறும் அம்மோனியா வாடை வந்தால் பச்சைத் தழை மிகுதி. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றில்லை. உள்ளே 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறுவது நல்லது, களை விதைகளும் நோய்க் கிருமிகளும் அதில் அழியும். 70ஐத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களும் மடியும், உடனே கிளறிவிட வேண்டும். சூடு இறங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கிளறினால் மீண்டும் ஏறும். கிளறியும் ஏறவில்லை, ஈரமும் சரியாக இருக்கிறது என்றால் தீனி தீர்ந்தது என்று பொருள். அதன்பின் சில வாரம் ஆறவிட்ட பிறகே செடிக்குப் போட வேண்டும். 1920களில் ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் வகுத்த முறையிலும் அடுக்குதல், சாணக் கரைசல், ஈரம், கிளறுதல் ஆகியவைதான் இருந்தன, புட்டி இல்லை.

அம்மாப்பேட்டை கீரைக்காரி:

ஆசிரியர் ஐயா, தொட்டியைக் கிளறுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். இடுப்பு வலி உள்ளவர்கள் என்ன செய்வது? நான் கிளறுவதே இல்லை. தொட்டியின் நடுவில் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். தாமதமாகத்தான் ஆகிறது, ஆனாலும் வாடையில்லாமல் ஆகிறது.

என்னால் மறக்க முடியாதது வேறு. மழை விட்ட ஒரு காலையில் மூடியைத் திறந்தால், உள்ளே இருந்த எல்லாமே நெளிந்தது. பழுப்பும் வெள்ளையுமாகத் தடித்த புழுக்கள். காது கொடுத்தால் பொரிவது போன்ற ஒலி. வேலைக்கு வந்த பெண் பினாயில் புட்டியைத் திறந்து கையை ஓங்கிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்திராவிட்டால் அத்தனையும் போயிருக்கும். அவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். அந்த ஈ கடிப்பதில்லை, சோற்றின் மேல் வந்து உட்கார்வதில்லை. அதன் புழுக்கள் நிறைந்த தொட்டியில் வீட்டு ஈயும் அதிகம் பெருகுவதில்லை. ஈரக் கழிவை அவை தின்று தீர்த்த வேகத்துக்கு எந்தப் புட்டியும் ஈடாகவில்லை. சருகை மட்டும் அவை தொடவில்லை. இங்கே பொடியா தழையா என்று வழக்காடுகிறவர்கள் புழுவை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரியவில்லை.

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்:

அனைவருக்கும் நன்றி. ஆத்தூர்க்காரரும் ஏற்காட்டுக்காரரும் ஒருவரையொருவர் மறுத்தாலும், என் தொட்டியில் நார்க்கழிவு இல்லை என்பதால் இப்போதைக்கு ஏற்காட்டுப் பக்கம் சாய்கிறேன். இருந்தாலும் பொடி விற்றவரின் சிரிப்பை அப்படியே விட்டுவிட முடியாது. ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே சாக்குத் தழையையும் சருகையும் எடை போட்டுப் பிரித்து அடுக்கி, ஒன்றில் மட்டும் பொடியைப் போடப் போகிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

சூரமங்கலம் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்:

மோர் இரண்டிலும் ஒரே அளவு இருக்கட்டும். பொடி இல்லாத தொட்டிக்கு வெறும் மோரையாவது தெளியுங்கள். இரண்டையும் ஒரே நிழலில் வையுங்கள், ஒன்றுக்கு மட்டும் மேற்கு வெயில் படக்கூடாது. தோசைத் திருப்பி போதாது, வெப்பமானி வாங்குங்கள். ஓரத்தில் அளக்காமல் நடுவில், ஒரே ஆழத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

அம்மாப்பேட்டை கீரைக்காரி:

புழு வந்தால் எந்தத் தொட்டியில் முதலில் வந்தது என்பதையும் எழுதுங்கள்.